ஆறாத மார்புக் கட்டியும் அறிக்கையில் ஒதுக்கப்பட்ட ஒரு வரியும்

கேள்வி: எனக்கு 34 வயது. இரண்டு குழந்தைகள், சின்னவளுக்கு மூன்று வயது. பால் நிறுத்தி ஒன்றரை வருடம் ஆகிறது. ஐந்து மாதத்துக்கு முன் இடது மார்பில் கல் மாதிரி ஒரு கட்டி வந்தது. பிறகு சிவந்து, வலித்து, சீழ் பிடித்தது. இரண்டு முறை கீறிச் சீழ் எடுத்தார்கள். மூன்று விதமான ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். முதல் புண் ஆறுவதற்குள் பக்கத்திலேயே இன்னொரு வாய் திறந்துவிட்டது. சீழில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கிற முதல் கல்ச்சரில் 'கிருமி வளரவில்லை' என்று வந்தது. இரண்டாவதில் 'டிப்தீராய்டு, தோல் கிருமியாக இருக்கலாம்' என்று எழுதியிருந்தார்கள். பயாப்ஸியில் புற்றுநோய் இல்லை, 'கிரானுலோமேட்டஸ் மாஸ்டைட்டிஸ்' என்றார்கள். சாயச் சோதனையில் டிபி கிருமி தெரியவில்லை. ஆனாலும் ஒரு டாக்டர் எதற்கும் இருக்கட்டும், ஆறு மாதம் டிபி மாத்திரை சாப்பிடுங்கள் என்கிறார். இன்னொருவர் ஸ்டீராய்டு என்கிறார். மூன்றாமவர் அந்தப் பகுதியையே வெட்டி எடுத்துவிடலாம் என்கிறார். கூடவே, முழங்காலுக்குக் கீழே தொட்டால் வலிக்கிற சிவப்பு வீக்கங்கள் வந்து வந்து போகின்றன. அழுத்தினால் இரண்டு மார்பிலும் இன்னும் கொஞ்சம் பால் வருகிறது. அசிடிட்டிக்குத் தினமும் ஒரு காப்ஸ்யூல் சாப்பிடுகிறேன், வேறு மருந்து இல்லை. யார் சொல்வதைக் கேட்பது? இன்னொரு குழந்தை பிறந்தால் பால் கொடுக்க முடியுமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

அன்புள்ள தோழிக்கு,

ஐந்து மாதம் புண்ணோடும் கட்டோடும் வீட்டையும் குழந்தைகளையும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். மூன்று டாக்டர்கள் மூன்று திசையைக் காட்டினால் யாருக்கும் தலை சுற்றத்தான் செய்யும். நான் அறுவை சிகிச்சை நிபுணர் இல்லை. சீழையும் சதையையும் சோதித்துக் கிருமியின் பெயரைச் சொல்கிற நுண்ணுயிரியல் டாக்டர். அதனால் உங்கள் கடிதத்தில் என் கண் முதலில் போய் நின்றது, மற்றவர்கள் எல்லாரும் தாண்டிப் போன அந்த வரியில்தான்: 'டிப்தீராய்டு, தோல் கிருமியாக இருக்கலாம்.'

அந்த மூன்று சிகிச்சைகளில் எதையும் இந்த வாரமே தொடங்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. முதலில் உள்ளே இருப்பது எது என்று பெயர் தெரிய வேண்டும். அதற்குத் தேவையான சில சோதனைகள் உங்களுக்கு இன்னும் செய்யப்படவில்லை என்றே தோன்றுகிறது.

டிப்தீராய்டு என்பது ஒரே கிருமியின் பெயர் அல்ல. கோரினிபாக்டீரியம் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்த, நுண்ணோக்கியில் குச்சி குச்சியாகத் தெரியும் பலவகைக் கிருமிகளுக்கு லேபில் சொல்கிற பொதுப் பெயர். அவற்றில் பெரும்பாலானவை நம் எல்லார் தோலிலும் யாருக்கும் தொந்தரவு இல்லாமல் வாழ்கின்றன. சீழ் எடுக்கும்போது தோலிலிருந்து நாலைந்து ஒட்டிக்கொண்டு வருவது சகஜம். அதனால் இந்தக் கிருமி வளர்ந்தால் 'தோல் கிருமி' என்று எழுதி மூடிவிடுவது லேப்களில் காலங்காலமாக இருக்கிற பழக்கம். நானும் என் முதல் வருடங்களில் அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவற்றில் எத்தனை அறிக்கைகள் உங்களைப் போன்ற பெண்களுடையவை என்று நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

இந்தக் குடும்பத்தில் கோரினிபாக்டீரியம் குரோப்பென்ஸ்டெட்டி என்று ஒன்று இருக்கிறது. 1998-ல் ஒரு நோயாளியின் சளியிலிருந்து பிரித்தெடுத்து, ஜெர்மன் நுண்ணுயிரியலாளர் குரோப்பென்ஸ்டெட்டைக் கௌரவித்து இந்தப் பெயரை வைத்தார்கள். அடுத்த சில வருடங்களில் நியூசிலாந்து டாக்டர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். குழந்தை பெற்ற இளம் பெண்களுக்கு மார்பில் வருகிற, ஆறாத, திரும்பத் திரும்பச் சீழ் பிடிக்கிற கட்டிகளில் கோரினிபாக்டீரியா அடிக்கடி தென்பட்டது. 2003-ல் 34 பெண்களைப் பற்றி அவர்கள் எழுதிய ஆய்வில், மற்ற இனங்களைவிட இந்தக் குரோப்பென்ஸ்டெட்டிதான் அதிகம் இருந்தது. பிறகு வேறு பல நாடுகளிலும் இதையே கண்டார்கள்.

இது கொழுப்பை விரும்புகிற கிருமி. கொழுப்பு கிடைத்தால்தான் நன்றாக வளரும். மார்பகம் பெரும்பகுதி கொழுப்பும் பால் நாளங்களும்தானே? அங்கே இது சௌகரியமாக உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் லேபில் கிருமி வளர்க்கிற சாதாரண அகார் தட்டில் இதற்கு வேண்டிய கொழுப்பு இல்லை. மெதுவாக, பொடிப்பொடிப் புள்ளிகளாகத்தான் வளரும். கண்ணுக்குத் தெரியவே மூன்று நாள், சில சமயம் ஒரு வாரத்துக்கும் மேல் ஆகும். வழக்கமான சீழ்க் கல்ச்சரை இரண்டு நாளில் பார்த்து முடித்துவிடுகிற இடங்கள் நிறைய. அதனால் உங்களுக்கு முதலில் வந்த 'கிருமி வளரவில்லை' என்பதற்கு, இரண்டு நாளில் வளரவில்லை என்பதற்கு மேல் அர்த்தம் இல்லாமலும் இருக்கலாம். அதுவும் நீங்கள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எடுத்த சீழ் என்றால் அந்த முடிவை வைத்து எதையும் சொல்ல முடியாது.

இப்போது உங்கள் பயாப்ஸிக்கு வருகிறேன். கிரானுலோமேட்டஸ் மாஸ்டைட்டிஸ் என்றால் கிரானுலோமாக்களோடு கூடிய மார்பக அழற்சி. கிரானுலோமா என்பது, உடலால் எளிதில் அழிக்க முடியாத ஏதோ ஒன்றைச் சுற்றி வெள்ளையணுக்கள் கூடி எழுப்புகிற வேலி. வேலி இருப்பதை உங்கள் அறிக்கை சொல்லிவிட்டது. உள்ளே இருப்பது டிபியா, கோரினியா, பூஞ்சையா, அல்லது கிருமியே இல்லாமல் கசிந்த பாலுக்கு எதிராக உடல் காட்டுகிற கோபமா என்பதைச் சொல்லவில்லை. குரோப்பென்ஸ்டெட்டி இருக்கும் இடத்தில் ஒரு தனி அடையாளம் தெரிவதுண்டு. சதைக்குள் சின்னச் சின்னக் கொழுப்புக் குமிழிகள், அவற்றைச் சுற்றி வளையமாகச் சீழணுக்கள், அதற்கும் வெளியே கிரானுலோமா. அந்தக் குமிழிக்குள், பாக்டீரியாவைக் காட்டுகிற கிராம் சாயம் போட்டுப் பொறுமையாகத் தேடினால் ஒன்றிரண்டு குச்சிகள் தெரியும். தேடாவிட்டால் தெரியாது.

இதில் உங்களுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. இதற்காக உடனே மறுபடி பயாப்ஸி எடுக்க வேண்டியதில்லை. உங்கள் சதைத் துண்டை மெழுகில் பதித்து அந்த லேப் பத்திரமாக வைத்திருக்கும். அந்த மெழுகுக் கட்டியையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கி, மார்பக நோய்களில் பழக்கமுள்ள ஒரு நோய்க்குறியியல் டாக்டரிடம் மறுபார்வைக்குக் கொடுக்கலாம். கொழுப்புக் குமிழிகள் இருக்கின்றனவா என்று பார்த்து, கிராம் சாயம், டிபி சாயம், பூஞ்சைச் சாயம் மூன்றையும் போட்டுச் சொல்லுங்கள் என்று உங்கள் டாக்டர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் போதும்.

கல்ச்சருக்கு மட்டும் புது மாதிரி தேவைப்படும். மெழுகில் போவதற்கு முன்னால் சதை ஃபார்மலினில் ஊறிவிட்டது, அதில் எந்தக் கிருமியும் பிழைக்காது. அடுத்த முறை சீழ் சேர்ந்தால் கத்தி வைக்காமல், ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசியால் உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். அந்தச் சீழ் அப்படியே சிரிஞ்சிலோ சுத்தமான புட்டியிலோ லேபுக்குப் போகட்டும். புண்ணின் மேலே பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுத்தால் தோல் கிருமிகள்தான் முந்திக்கொண்டு வளரும். சதை எடுப்பதாக இருந்தால் ஒரு துண்டு ஃபார்மலினிலும் இன்னொரு துண்டு வெறும் சலைனிலும் போக வேண்டும். இதை எடுப்பதற்கு முன்பே டாக்டரிடம் ஞாபகப்படுத்துங்கள். அவசரத்தில் மொத்தத்தையும் ஃபார்மலினில் போட்டுவிடுவது எங்கும் நடக்கிறது, அத்தனை வலியும் வீணாகிப் போகும். காய்ச்சல் இல்லை, சிவப்பு பரவவில்லை என்றால், மாதிரி எடுப்பதற்கு இரண்டு வாரம் முன்பாகவே ஆன்டிபயாடிக்கை நிறுத்தி வைக்கலாமா என்றும் டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

லேபுக்குப் போகும் சீட்டில் வெறும் 'சீழ் – கல்ச்சர்' என்று எழுதினால் மறுபடி அதே கதைதான். 'கிரானுலோமேட்டஸ் மாஸ்டைட்டிஸ், கோரினிபாக்டீரியம் சந்தேகம், தட்டுகளை இரண்டு வாரம் வைத்துப் பார்க்கவும், டிப்தீராய்டு வளர்ந்தால் இனப் பெயர் கண்டுபிடிக்கவும்' என்று எழுத வேண்டும். அப்படி ஒரு சீட்டு வந்தால் எங்கள் வேலையே மாறிவிடும். ட்வீன் 80 மாதிரியான கொழுப்புப் பொருள் சேர்த்த ஊடகத்தில் போடுவோம், கிருமியின் புரதங்களை வைத்து இனம் காண்கிற மால்டி-டாஃப் கருவியிலோ மரபணு வரிசை பார்த்தோ பெயரைச் சொல்வோம். கூடவே டிபி கிருமியின் மரபணுவைத் தேடுகிற ஜீன்எக்ஸ்பர்ட், டிபி கிருமியின் குடும்பத்துக்கான மைக்கோபாக்டீரியா கல்ச்சர், பூஞ்சைக் கல்ச்சர் மூன்றும் போக வேண்டும். மைக்கோபாக்டீரியா கல்ச்சர் முடிய ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். நீண்ட காத்திருப்புதான், ஆனால் ஏற்கெனவே போன ஐந்து மாதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

டிப்தீராய்டு வளர்ந்தாலே அதுதான் குற்றவாளி என்றும் நான் சொல்லவில்லை. சீழின் நேரடிச் சாயத்திலேயே சீழணுக்களுக்கு நடுவே குச்சிகள் தெரிந்தால், தட்டில் அது ஒன்று மட்டும் தனியாக வளர்ந்தால், இரண்டு தனித்தனி மாதிரிகளில் அதே பெயர் வந்தால், அதை நான் நம்புவேன். பல கிருமிகள் கலந்து நாலு புள்ளி வளர்ந்தால் நம்ப மாட்டேன். நோயை ஆரம்பித்து வைப்பதே இந்தக் கிருமியா, அல்லது ஏற்கெனவே வீங்கிய இடத்தில் குடியேறி ஆறவிடாமல் செய்கிறதா என்பதில் மருத்துவ உலகில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. இரண்டில் எதுவானாலும் கிருமி இருக்கும்போது அதற்கு மருந்து கொடுப்பதுதான் நியாயம்.

எந்த மருந்து என்பதில்தான் அடுத்த சிக்கல். நீங்கள் சாப்பிட்ட மூன்றின் பெயரை எழுதவில்லை. மார்புச் சீழுக்கு வழக்கமாகக் கொடுப்பவை பென்சிலின், செஃபலோஸ்போரின் வகைகள். சாதாரணமாகப் பால் கொடுக்கும் தாய்க்குச் சீழ் பிடிக்கக் காரணம் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ், அதற்கு அவை பொருத்தம். ஆனால் அவை நீரில் கரைகிற மருந்துகள். கொழுப்புக் குமிழிக்குள் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. லேப் தட்டில் 'கேட்கும்' என்று வந்த மருந்தும் உடம்பில் கேட்காமல் போவது இதனால்தான். டாக்ஸிசைக்ளின், கிளாரித்ரோமைசின், ரிஃபாம்பிசின் போல கொழுப்புக்குள் புகக்கூடிய மருந்துகளை, எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று காட்டுகிற உணர்திறன் சோதனை பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். இவற்றைப் பல வாரங்கள், பெரும்பாலும் மாதக் கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கும். பத்து நாளில் மாற்றம் தெரியவில்லை என்று மருந்தை மாற்றிக்கொண்டே போனால் எதுவும் தன் வேலையை முடித்திருக்காது. டாக்ஸிசைக்ளினை நிறையத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு உடனே படுக்காதீர்கள், தொண்டைக்குக் கீழே புண்ணாகிவிடும். ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், பயப்பட வேண்டாம். ஆனால் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும் என்பதை மறக்காதீர்கள்.

இனி டிபி மாத்திரை. மார்பில் டிபி வருவது உண்மை. 1829-லேயே ஆஸ்ட்லி கூப்பர் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். சாயச் சோதனையில் கிருமி தெரியவில்லை என்பதால் மட்டும் டிபி இல்லை என்று சொல்லிவிட முடியாது, மார்பு டிபியில் அது பெரும்பாலும் தெரிவதே இல்லை. அதனால் அந்த டாக்டரின் கவலையில் நியாயம் இருக்கிறது. என் தயக்கம் 'எதற்கும் இருக்கட்டும்' என்ற வார்த்தையில்தான். டிபி மருந்துக் கூட்டில் ரிஃபாம்பிசின் இருக்கிறது. அது கோரினிபாக்டீரியத்தையும் அடக்கும். கிரானுலோமேட்டஸ் மாஸ்டைட்டிஸ் தானாகவே ஆறிலிருந்து பன்னிரண்டு மாதத்தில் அடங்குவதும் உண்டு. எனவே டிபி மாத்திரை சாப்பிட்டுக் குணமானால், இருந்தது டிபிதான் என்று யாராலும் சொல்ல முடியாது. மருந்தால் கல்லீரல் பாதிப்பு வந்து நடுவில் நிறுத்த நேர்ந்தால், அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் நிற்போம். ஜீன்எக்ஸ்பர்ட்டோ கல்ச்சரோ டிபி என்று சொன்னால் ஒரு நாள்கூடத் தள்ளாமல் தொடங்குங்கள்.

டிபியின் சொந்தக்காரக் கிருமிகள் சிலவும் மார்பில் இதேபோல் நடந்துகொள்ளும். மைக்கோபாக்டீரியம் ஃபார்ச்சுய்ட்டம், கெலோனே, ஆப்செஸ்ஸஸ் என்ற இவை தண்ணீரிலும் மண்ணிலும் இருப்பவை. மார்பில் நடந்த அறுவை சிகிச்சை, உள்ளே வைத்த இம்ப்ளாண்ட், காம்பில் குத்திய வளையம் இவற்றின் வழியாக நுழைந்து, வாரங்களோ மாதங்களோ கழித்துச் சீழாக வெளிப்படும். உங்களுக்கு இரண்டு முறை கீறியிருக்கிறார்கள், இரண்டாவது வாய் அதற்குப் பிறகு திறந்திருக்கிறது. ஆகவே இதையும் பார்த்தே ஆக வேண்டும். சாயத்தில் டிபி மாதிரியே தெரியும், ஆனால் வழக்கமான டிபி மாத்திரைக்கு மசியாது. கிளாரித்ரோமைசின், அமிக்காசின் போன்ற வேறு மருந்துகளைச் சேர்த்து நாலு முதல் ஆறு மாதம் கொடுக்க வேண்டும். டிபி மருந்தில் இறங்கும் முன் கிருமியின் பெயர் தெரிய வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இது இன்னொரு காரணம்.

ஸ்டீராய்டு சொன்னவரும் தவறாகச் சொல்லவில்லை. கிருமி எதுவும் கிடைக்காத கிரானுலோமேட்டஸ் மாஸ்டைட்டிஸுக்கு அது பலன் தருகிற மருந்து. பலருக்குச் சில வாரங்களிலேயே வீக்கம் பாதியாகக் குறையும். உள்ளே டிபியோ அதன் சொந்தக்காரக் கிருமியோ இருக்கும்போது கொடுத்தால்தான் ஆபத்து, எதிர்ப்பு சக்தியை அடக்கிக் கிருமிக்கு வழிவிட்டது போலாகும். கோரினிபாக்டீரியம் கிடைத்தால் முதலில் அதற்கான மருந்து, அடங்கவில்லை என்றால் அதோடு சேர்த்து ஸ்டீராய்டு என்ற வரிசை எனக்குச் சரியாகப் படுகிறது. தொடங்கும் முன் சர்க்கரை அளவும் ஹெபடைட்டிஸ் பி சோதனையும் பார்த்துக்கொள்ளுங்கள். நிறுத்தும்போது டாக்டர் சொன்னபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

வெட்டி எடுப்பதை இப்போது வேண்டாம் என்பேன். நோய் கொதிக்கிற சமயத்தில் கத்தி வைத்தால் தையல் இடமும் ஆறாது, மார்பின் வடிவமும் போகும், பக்கத்தில் மறுபடி கிளம்பவும் செய்யும்.

கால் வீக்கங்களை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது தனி நோயாக இருக்காது என்று நினைக்கிறேன். எரிதீமா நோடோசம் என்று ஒன்று உண்டு. உடலில் வேறெங்கோ நடக்கிற அழற்சியின் எதிரொலியாக முழங்காலுக்குக் கீழே காலின் முன்புறத்தில் வலிக்கிற சிவப்பு முடிச்சுகள் வரும். கிரானுலோமேட்டஸ் மாஸ்டைட்டிஸோடு இது வருவது தெரிந்த விஷயம், மூட்டு வலியும் சேர்ந்து வரலாம். டிபியிலும் வரும் என்பதால் இதை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. ஆனாலும் மார்பைப் பார்க்கிற டாக்டரிடம் காலையும் காட்டுங்கள்.

பால் இன்னும் வருகிறது என்பதையும் விடக் கூடாது. ரத்தத்தில், பால் சுரக்க வைக்கிற ஹார்மோனான புரோலாக்டின் அளவும் தைராய்டும் பாருங்கள். புரோலாக்டின் கூடினால் நாளங்களில் பால் தேங்கிக் கசியும், இந்த நோய்க்கு அது எண்ணெய் ஊற்றுகிற மாதிரி. அதற்கு முன் ஒரு வேலை: உங்கள் அசிடிட்டி காப்ஸ்யூல் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். அதில் டோம்பெரிடோன் என்ற பெயர் இருந்தால் டாக்டரிடம் சொல்லி, அது இல்லாத மருந்துக்கு மாறுங்கள். புரோலாக்டினை ஏற்றிவிடுகிற மருந்து அது. அசிடிட்டி மருந்தோடு சேர்த்து விற்கப்படுவதால் சாப்பிடுகிறவருக்கே தெரியாமல் வருடக் கணக்கில் உள்ளே போய்க்கொண்டிருக்கும்.

புற்றுநோய் பயம் உங்கள் கடிதத்தில் வெளிப்படையாக இல்லாவிட்டாலும் பின்னால் நிற்பது எனக்குத் தெரிகிறது. பயாப்ஸியில் புற்றுநோய் இல்லை என்று வந்தது பெரிய ஆறுதல். கிரானுலோமேட்டஸ் மாஸ்டைட்டிஸ் புற்றுநோயாக மாறுகிற நோயும் அல்ல. ஆனால் தோல் ஆரஞ்சுத் தோல் போலக் குழி குழியாகத் தடித்தால், அக்குளில் கெட்டியான கட்டி வந்தால், சரியான மருந்திலும் வீக்கம் வேகமாகப் பெருத்தால், மறுபடி ஸ்கேனும் பயாப்ஸியும் கேளுங்கள். வீக்கம் போலவே தோற்றம் காட்டுகிற ஒரு புற்றுநோய் வகை உண்டு, முதல் ஊசி அதைத் தவறவிடவும் கூடும். குளிர் காய்ச்சலோடு சிவப்பு பரவினால் இந்தச் சோதனைகளுக்கெல்லாம் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கடைசியாகக் கேட்டதற்கு: முடியும். இந்த நோய் வந்து ஆறிய பல பெண்கள் மறுபடி குழந்தை பெற்றுப் பால் கொடுத்திருக்கிறார்கள். இடது பக்கம் வடுவால் நாளங்கள் அடைபட்டிருந்தால் அங்கே சுரப்பு குறைவாக இருக்கலாம். வலது மார்பு நன்றாக இருந்தால் அது ஒன்றே குழந்தைக்குப் போதுமானதாக அமைவது சாதாரணம். சிகிச்சை முடிந்து, புண்கள் மூடி, சில மாதமாவது அமைதியாக இருந்த பிறகு கருத்தரிப்பது நல்லது. டாக்ஸிசைக்ளினும், ஸ்டீராய்டுக்குப் பதிலாகச் சிலருக்குக் கொடுக்கிற மெத்தோட்ரெக்ஸேட்டும் கர்ப்பத்தில் கூடாதவை. ஆகவே இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருப்பதை மருந்து எழுதுவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கர்ப்ப காலத்திலோ பால் கொடுக்கும்போதோ அதே இடத்தில் மறுபடி கெட்டிப்பட்டால், பால் கட்டு என்று நினைத்து அழுத்திப் பிசையாதீர்கள். இந்தப் பழைய அறிக்கைகளோடு அந்த வாரமே டாக்டரைப் போய்ப் பாருங்கள்.